மேலிடம் இறங்கிய கதை

என் அக்கா புருஷனுக்கு சைட்டில் வைத்த பெயர் 'மேலிடம்'. டவர் கிரேன் ஓட்டுகிறவர். நாங்களெல்லாம் கம்பியும் பலகையுமாகக் கீழே புழுதியில் புரண்டுகொண்டிருக்க, அவர் மட்டும் வானத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கள் தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பை நகர்த்திக்கொண்டிருப்பார். கலவை எப்போது வரும் என்று எவனாவது கேட்டால், "மேலிடம் மனசு வைக்கணும்" என்பான் இன்னொருவன். இஞ்சினியர்கூட அப்படித்தான் சொல்வார். நேரில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் என் மச்சான் சிரிக்க மாட்டார். உள்ளுக்குள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான் அவருடைய சிக்னல்காரன். கேபினிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பின்பக்கம் தெரியாது. அங்கே லோடு இறக்க வேண்டுமென்றால் அவர் தன் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை, வாக்கி-டாக்கியில் என் வாயைத்தான் நம்ப வேண்டும். "எறக்கு, எறக்கு, மெதுவா, இன்னும் ஒரு முழம், ஒரு சாண், ஒரு விரல், நில்லு." லோடு அந்தரத்தில் இருக்கிறவரை நான் வாயை மூடக் கூடாது. என் குரல் நின்றால் அவர் கை நின்றுவிட வேண்டும். எனக்கு நெஞ்சுவலியே வந்திருக்கட்டும், பேட்டரி தீர்ந்திருக்கட்டும், காரணமெல்லாம் அப்புறம். அதே மாதிரி மேலே இருக்கிறவர் பேசக் கூடாது. அவர் வாயைத் திறந்தால் அந்த நொடியில் என் வார்த்தை அமுங்கிப்போகும். சரி என்றால் ஹாரனில் ஒரு தட்டு, வேண்டாம் என்றால் இரண்டு தட்டு. இத்தனை வருஷமும் நான் பேசினேன், அவர் தட்டினார்.

இயல்பிலேயே கல்லுளிமங்கன் அவர். கல் சுமக்கும் கூலியாகச் சைட்டுக்கு வந்து, ஒரு ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன நாளில் தைரியமாக மேலே ஏறி உட்கார்ந்தவர். அதற்கப்புறம் அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சல் என்று லீவு போட மாட்டார். என் கல்யாணத்தன்றுகூட, "மதியத்துக்கு மேல ஒரு சிலாப் இருக்குடா" என்று இலையிலிருந்து எழுந்து போன மகானுபாவர். அக்கா சொல்வாள், "உன்கிட்டயாவது ஹாரன் அடிக்கிறாரு. என்கிட்ட அதுவும் இல்ல."

கேபினில் கக்கூஸ் கிடையாது. ஏணியில் இறங்கி, போய்விட்டு, திரும்ப ஏறுவதற்குள் கீழே மொத்த சைட்டும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டும். அதனால் கிரேன் ஓட்டுகிற எல்லோரும் வாய் அகன்ற பாட்டில் ஒன்று வைத்திருப்பார்கள். சாயங்காலம் அதைத் துணிப்பையில் சுற்றிக் கீழே கொண்டுவருவார் மச்சான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு லோடுக்கும் லோடுக்கும் நடுவில் அவருக்கு இடைவெளி தேவைப்பட ஆரம்பித்தது. நான் "தூக்கு" என்றால் இரண்டு தட்டு வரும். கொஞ்ச நேரம் கொக்கி சும்மா தொங்கும். "என்ன மச்சான், மேலிடத்துல ஆலோசனைக் கூட்டமா?" என்பேன். ஒரு தட்டு. ஆமாம். கீழே லோடுக்குப் பெல்ட் மாட்டுகிற பையன்களெல்லாம் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். வயசானால் எல்லா ஆம்பிளைக்கும் வருகிற தொந்தரவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அக்கா அப்படி நினைக்கவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவர், போய் நின்றால் நின்றுகொண்டே இருக்கிறவர், வெளியே வந்து "ஒண்ணுமில்ல" என்கிறவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்து அவள் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது.

அந்த டாக்டர் ஒரு பெண். அதுவே மச்சானுக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்ததாம். ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரக் குழாயை நெரிக்கிறது, புற்றுநோய் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை கேட்டது. ஆனால் உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. ஏணியில் ஒரு நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வரவும், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். "கீழ இருக்கவனுக்குத் தலை சுத்தினா அவன் மட்டும் விழுவான். எனக்குச் சுத்தினா உன் தம்பி தலையில லோடு விழும்" என்று அக்காவிடம் சொன்னாராம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் டாக்டர் வேறு வழிகள் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் உடம்பைத் திறக்க வேண்டாம். சின்னச் சின்னக் கிளிப் வைத்து சுரப்பியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி வழி விடலாம். சூடான நீராவியை உள்ளே செலுத்தி, அடைக்கிற சதையைச் சுருங்க வைக்கலாம். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை அனுப்பி, சுரப்பிக்குப் போகிற ரத்தத்தை அடைக்கலாம். "உங்க சுரப்பிக்கு இதுல எதுவானாலும் ஒத்துவரும். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மச்சான் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை நாள் ஏணி ஏறக் கூடாது?"

சில வாரம் பொறுத்தால் நல்லது என்றார் டாக்டர். அவ்வளவுதான், மச்சான் எழுந்துவிட்டார்.

கிரேன்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒருவன் சீட்டில் இன்னொருவன் சில வாரம் உட்கார்ந்தால் சீட்டு அவனுக்குப் பழகிவிடும். ஆபீஸில் லீவு கேட்டால் என்ன வியாதி என்று கேட்பார்கள். சொன்னால் சாயங்காலத்துக்குள் சைட் முழுக்கச் சிரிக்கும். "இந்தக் கட்டடம் முடியட்டும்" என்றார் அக்காவிடம். அந்தக் கட்டடம் முடிந்தது. அடுத்ததற்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அது முடியட்டும் என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். அவரிடம் ஒரு சாட்சி இருந்தது, அந்தப் பாட்டில். "தினமும் நெறையுதுடி. முன்ன விட ஜாஸ்தியாவே நெறையுது. போகலைன்னாத்தானே பயப்படணும்?" பத்து தடவை, பதினைந்து தடவை போய், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சாயங்காலம் தூக்கிப் பார்த்தால் பாட்டில் நிறைந்திருக்கும். அதைப் பார்த்துத் தன் உடம்பு சரியாக இருக்கிறது என்று நம்பினார் அந்த மனுஷன். எல்லோரையும் போலக் கீழே இருக்கிற கக்கூஸுக்குப் போயிருந்தால் இப்படி அளந்து பார்த்து ஏமாந்திருக்க மாட்டார்.

அன்றைக்கு மேலே பலமாகக் காற்று. மச்சானுக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறினார். அந்த மாதிரி மாத்திரை ஏற்கனவே நெரிந்த வழியை இன்னும் இறுக்கிவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பின்பக்கத்துக்கு ஒரு படிக்கட்டு இறக்க வேண்டியிருந்தது. மொத்தமாக வார்த்த கான்கிரீட் படிக்கட்டு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். லோடு நான் சொன்னபடி வந்தது, ஆனால் பதிலுக்கு ஹாரன் வரவில்லை. எனக்கு எரிச்சல். "மேலிடம் தூங்குதா?" என்றேன். பதில் இல்லை. லோடு மட்டும் ஒரு விரல்கூடப் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. பையன்கள் பெல்ட்டைக் கழற்றினார்கள். "தூக்கு" என்றேன். கொக்கி அசையவில்லை.

அப்புறம் வாக்கி-டாக்கியில் ஒரு குரல் வந்தது. யாரோ வேற்றாள் என்று நினைத்தேன்.

"மாப்ளே. என்னால முடியல."

அத்தனை வருஷத்தில் அந்த வாக்கி-டாக்கியில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். ஆளை இறக்குவதற்கென்றே ஒரு இரும்புக் கூடை சைட்டில் உண்டு. "கூடையை மாட்டுங்கடா, சீக்கிரம்!" என்று கத்தினார். நாலு பேர் கூடையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார்கள். கூடையைத் தூக்க வேண்டிய கிரேன் அதுதான். அதை ஓட்ட வேண்டிய ஆள் அதற்குள் சுருண்டு கிடந்தார். ஒருவன் சிரித்துவிட்டான். அவனை அறையக்கூட எனக்கு நேரமில்லை, ஏணியைப் பிடித்துவிட்டேன்.

கேபினில் மச்சான் சட்டையெல்லாம் நனைய வியர்த்துப்போய், முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிவயிறு கல்லாக இருந்தது. காலடியில் பாட்டில், காய்ந்துபோய்.

"எப்பலேர்ந்து மச்சான்?"

"காலைலேர்ந்து."

"காலைலேர்ந்தா? அப்புறம் என்ன மயித்துக்கு அந்தப் படிக்கட்டை எறக்கி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டிருந்தீங்க?"

"தொங்கிட்டிருந்துச்சேடா" என்றார்.

இறங்கலாம் என்று பிடித்தால் கையைத் தட்டிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். ஆபரேட்டர் இறங்கும்போது கிரேனின் நீளக் கையைக் காற்று போன போக்கில் சுற்றும்படி விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், பிடித்து வைத்தால் காற்று மொத்தத்தையும் சாய்த்துவிடும். அந்த நிலைமையிலும் அதை மறக்கவில்லை அவர். அப்புறம் ஒவ்வொரு கம்பியாக இறங்கினார். நான் அவருக்குக் கீழே, என் தோளில் அவர் பாதம்.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். ஒரு பை நிறைந்து, அடுத்த பையும் நிறைய ஆரம்பித்தது. நர்ஸ் ஒருத்தி, "ஐயோ பாவமே" என்று வாய்விட்டே சொன்னாள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். வலி விட்ட நிம்மதியில் வந்த அழுகைதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது.

அதே டாக்டர் வந்தார். அடையாளம் கண்டுகொண்டார். "நீங்களா?" என்றார், அதற்கு மேல் திட்டவில்லை. ஸ்கேன் பார்த்தார், ரத்தம் பார்த்தார். இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தது.

"பாட்டில் நெறையும்மா" என்றார் மச்சான். "தெனமும் நெறைஞ்சுதே."

"மொட்டை மாடித் தொட்டி நெறைஞ்சு குழாய் வழியா வழியுமே, பாத்திருக்கீங்களா? தொட்டி காலியாகுதுன்னா அது வழியுது? நீங்க பாட்டில்ல புடிச்சது அப்படி வழிஞ்சதைத்தான். உள்ள எப்பவுமே ரொம்பித்தான் இருந்திருக்கு."

மச்சான் சின்னப்பிள்ளை மாதிரி, "சரிம்மா. அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த வைத்தியம், இப்ப பண்ணிடுங்க. லீவு போட்டுடறேன்" என்றார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவை வந்தபோது மூன்றில் எது வேண்டுமென்று மச்சானே சொல்லியிருக்கலாம். இப்போது சுரப்பி மூத்திரப் பைக்குள்ளேயே முட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டது, கிளிப் நிற்காது. ரத்தக்குழாயை அடைக்க ஒரு மருந்தை உள்ளே விட வேண்டும், அதை இந்தக் கிட்னி தாங்காது. மயக்கம் கொடுத்துப் பெரிதாகச் சுரண்டி எடுப்பதையும் இந்த உடம்பில் செய்ய அவருக்கு மனசில்லை. நீராவி செய்யலாம். கிட்னி கொஞ்சம் தேறட்டும், செய்யலாம்.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வழியைத்தான் நான் திறந்துவிட முடியும். தள்ள வேண்டியது உங்க பை. வருஷக்கணக்கா இழுபட்டு இழுபட்டு அதுக்குத் தெம்பு போயிடுச்சோன்னு பயமா இருக்கு. டெஸ்ட்ல அது அசையவே இல்ல. ஓய்வு கொடுத்தா சில பேருக்குத் திரும்பும். உங்களுக்குத் திரும்பும்னு என்னால சொல்ல முடியல."

"பண்ணுங்கம்மா" என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

நீராவி வைத்த அன்று நானும் அக்காவும் வெளியே உட்கார்ந்திருந்தோம். வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் அவரைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். "இவ்வளவுதானாடா? இதுக்கா நான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

டியூபும் காலில் கட்டிய பையுமாக வீட்டில் கிடந்தார். கிரேனில் வேறு ஒருவனை உட்கார வைத்திருந்தார்கள். நான் அவனுக்குச் சிக்னல் கொடுக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் போனால் மச்சானின் முதல் கேள்வி, "எப்படி ஓட்றான்?" என்பதுதான்.

"இருக்கான், சுமாரா."

"ஹாரன் ஒழுங்கா தட்றானா?"

"அவன் வாயாடி மச்சான். லோடு தொங்கறப்பவே பேசறான்."

"அடி வாங்குவான்" என்பார், கொஞ்சம் சந்தோஷமாக. சூப்பர்வைசர் ஒரு நாள் ஆப்பிளோடு வந்தார். "டாக்டர் சரின்னு சொன்னா சீட் உங்களுதுதான். மேலிடத்துச் சீட்ல எவன் கை வைப்பான்?" என்றார். அன்று முதல் தடவையாக அந்தப் பெயருக்கு மச்சான் சிரித்தார். எல்லாம் டியூபை எடுக்கிற அந்த ஒரு நாளைப் பொறுத்து நின்றது. தானாகப் போனால் மேலே, போகாவிட்டால் கீழே.

டியூபை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். டம்ளர் டம்ளராகக் குடித்தார். வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கக்கூஸுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். வெளியே நானும் அக்காவும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம், எது குழாய்ச் சத்தம் எது அவருடையது என்று பிரித்துக் கேட்க முயன்றுகொண்டு. வெகு நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அக்கா, "பரவாயில்லீங்க, இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றாள்.

இன்னொரு தடவையும் பார்த்தார்கள். வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். பை அசையவில்லை. இனி நாளைக்கு நாலைந்து தடவை மெல்லிய டியூபைத் தானே உள்ளே விட்டு, காலி செய்து, எடுத்துவிட வேண்டும். உயிர் இருக்கிறவரை. செய்தால் கிட்னி தப்பிக்கும்.

"கிரேன்ல..." என்றார் மச்சான்.

"கை கழுவணும், சுத்தமான எடம் வேணும், நேரம் தவறக் கூடாது. அதோட அந்தக் கிட்னியை வச்சுக்கிட்டு அவ்வளவு உயரத்துல தனியா..." என்று இழுத்தார் டாக்டர்.

"முடியாது" என்று மச்சானே முடித்தார்.

கம்பெனியில் கேட் பக்கம் உட்காருகிற வேலை ஒன்று கொடுப்பதாகச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அந்த கேட்டிலிருந்து பார்த்தால் கிரேன் முழுசாகத் தெரியும், அது அவர்களுக்கு உறைக்கவில்லை.

வீட்டில் தானாக டியூப் விட வேண்டிய முதல் நாள் நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்துச் செய்து பழகியிருந்தார். இங்கே தனியாகக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நேரம் ஆனது. கண்ணாடி விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. அக்கா கதவைத் தட்டினாள், "நான் வரட்டுமா?" என்றாள். "வராத!" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கதவில் சாய்ந்து, "மச்சான்" என்றேன்.

"கை நடுங்குதுடா." குரல் உடைந்திருந்தது. "வயிறு மறைக்குது. ஒண்ணும் தெரியல."

டன் கணக்கில் கான்கிரீட்டை ஒரு விரல் பிசகாமல் உட்கார வைத்த கை அது. எனக்கு எங்காவது போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மாப்ளே. நீ பேசு."

"என்ன பேசறது மச்சான்?"

"பின்பக்கம் எறக்கறப்ப பேசுவியே. அதைப் பேசு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதவில் வாயை வைத்து ஆரம்பித்தேன். "எறக்கு. மெதுவா. எறக்கு, எறக்கு. அவசரமில்ல, காத்து இல்ல. நேரா இருக்கு. எறக்கு." உள்ளே வாளியில் ஒரு தட்டு கேட்டது. சரி. "இன்னும் ஒரு சாண். மெதுவா. எறக்கு, எறக்கு." அக்கா என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

உள்ளே ஒரு அசைவும் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும். குரல் நின்றதால் அவர் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

மறுபடி கதவில் வாயை வைத்து, "எறக்கு மச்சான்" என்றேன். "ஒரு விரல். இன்னும் ஒரு விரல். நில்லு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. விழுந்துகொண்டே இருந்தது. அது ஓய்ந்த பிறகு வாளியில் ஒரு தட்டு.

"என்னடா, என்ன சொல்றாரு?" என்றாள் அக்கா.

"எறங்கியாச்சுக்கா" என்றேன்.